தன்விசாரம்: தொடங்குபவருக்கான செய்முறை

1896 ஜூலையில், மதுரையில் தம் சித்தப்பா வீட்டு மாடியில் தனித்திருந்த 16 வயது வேங்கடராமன், திடீரென மரணபயம் கவ்வவே, கைகால்களை விறைப்பாக நீட்டிப் படுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு, உடல் செத்துவிட்டதாகவே பாவித்து, அதனோடு தாமும் செத்தாயிற்றா என்று ஆராய்ந்தார். உடல் பிணம்போல் கிடந்தபோதும் ‘நான்’ என்னும் உணர்வு குன்றாமல் இருந்தது. பின்னாளில் அவர் ரமண மகரிஷியாகத் திருவண்ணாமலையில் கற்பித்த தன்விசாரம் அந்த உணர்வைத் தேடிப் பிடிக்கும் வழியே. 1902 வாக்கில் அவ்வூர் மலையிலுள்ள விரூபாட்ச குகையில் அவரிடம் இதைக் கேட்டறிந்த சிவப்பிரகாசம் பிள்ளை வருவாய்த் துறை ஊழியர். ஆகவே இது துறவிகளுக்கு மட்டும் உரியது என்று தயங்க வேண்டியதில்லை.

தனி ஆசனம் எதுவும் வேண்டாம். தூக்கம் வராதபடி நிமிர்ந்து உட்கார்ந்து, ஓர் எண்ணம் எழும்வரை காத்திருங்கள். மின்கட்டணம் கட்டவில்லையே என்ற நினைவு வருகிறது என்று கொள்வோம். கடைசித் தேதி, அபராதம், போன முறை தொலைத்த ரசீது என்று மனம் அதன் பின்னே ஓடத் தொடங்கும். அதைத் துரத்தவும் வேண்டாம், அடக்கவும் வேண்டாம். ‘இந்த நினைவு யாருக்கு வந்தது?’ என்று கேளுங்கள். ‘எனக்கு’ என்று தோன்றும்போதே கவனம் கட்டணத்தை விட்டு, அதை அறிபவரிடம் திரும்பிவிடும். ‘அந்த நான் யார்?’ என்று கேட்பது, திரும்பிய கவனம் அங்கேயே நிற்பதற்காக. சில நொடிகளில் அது நழுவிவிடும்; அடுத்த நினைவைக் கொண்டு மறுபடி தொடங்குங்கள்.

பலர் இக்கேள்வியை மந்திரம்போல் உருப்போடுகிறார்கள். சிலர் ‘நான் பிரம்மம்’ என்று படித்த விடையைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். இரண்டும் மேலும் எண்ணங்களே. சிதையைக் கிளறிப் பிணம் சுடும் தடி கடைசியில் தானும் எரிவதுபோல் இக்கேள்வியும் அழிய வேண்டும் என்பது மகரிஷியின் வாக்கு.

மனம் மிகவும் அலைந்தால் சற்று நேரம் மூச்சைக் கவனிக்கலாம். அதனால் வரும் அமைதி மனோலயம், அதாவது மனத்தின் தற்காலிக ஒடுக்கம், மட்டுமே. அதில் சொக்கிவிடாமல் விசாரத்துக்குத் திரும்புங்கள்.

உட்கார்ந்து பழகுவதைவிட விழிக்கும் நேரம் எளிது என்பது என் கருத்து. உடலும் உலகமும் தோன்றாத உறக்கத்திலிருந்து எழுபவர் ‘சுகமாகத் தூங்கினேன்’ என்கிறாரே தவிர, ‘நான் இல்லாமல் போனேன்’ என்பதில்லை. விழிப்பு வந்து, பெயரும் கிழமையும் அன்றைய வேலையும் நினைவுக்கு வருமுன், ‘இருக்கிறேன்’ என்ற அறிவு மட்டும் ஒரு கணம் தெளிவாக நிற்கும், அதைக் கவனியுங்கள். கைப்பேசியை எட்டாத தூரத்தில் வைத்துவிட்டுப் படுப்பது இதற்கு உதவும்.