கடையணையிலிருந்து கடல் வரை

மாயவரத்தில் பூம்புகார் பேருந்து ஏறுங்கள். ஆனால் மேலையூருக்கே சீட்டு வாங்கி இறங்கிவிடுங்கள். காவிரிக்குக் கடைசிக் கதவணை அங்கேதான். அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர் பக்கம் என்பதால் இருபது வருஷமாக அங்கிருந்து காவிரி கடலில் சேரும் பூம்புகார் வரை கரையோரமாக நடக்கிறேன்.

தை மாதம் வாருங்கள். ஜூன் 12 மேட்டூர் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகும். சித்திரை, வைகாசியில் வந்தால் வெறும் மணலைத்தான் பார்ப்பீர்கள். தையில் ஆற்றில் நீர் இருக்கும், வயலில் சம்பாக் கதிர் தலைசாய்ந்து நிற்கும், வெயிலும் உறைக்காது. தை அமாவாசையன்று மட்டும் வேண்டாம். கடல் நீராட ஊரே திரண்டுவிடும்.

காலை ஆறு மணிக்குக் கிளம்புங்கள். ஒரு பாட்டில் தண்ணீர் போதும். வடகரையைப் பிடித்துக் கிழக்கே நடங்கள். சில இடத்தில் கருவேல முள் மண்டிக் கரை மறைந்திருக்கும். முண்டாமல் தார்ச்சாலைக்கு ஏறி, அப்புறம் இறங்கிக்கொள்ளலாம். வழியில் சாயாவனம். பாடல் பெற்ற தலம். அங்கே முருகன் கையில் வில் இருக்கிறது, அவசியம் பாருங்கள்.

அடுத்து பல்லவனீச்சரம். பட்டினத்தார் பிறந்த மண். அருகிலேயே தொல்லியல் துறை தோண்டி வெளிக்கொணர்ந்த புத்த விகாரையின் செங்கல் அடித்தளம் இருக்கிறது. இன்றைய செங்கல்லைவிட எவ்வளவு நீளம், அகலம் என்று குனிந்து பாருங்கள். கீழையூரில் தோண்டியபோது படகுத்துறையும் படகு கட்டிய மரக்கம்பங்களும் கிடைத்தன. கப்பல் வந்து நின்ற ஊர் இது என்பது கால் நோக நடந்து வரும்போதுதான் எனக்கு உறைத்தது. பேருந்தில் வந்த நாட்களில் தோன்றியதே இல்லை.

இனி நீரைப் பார்த்துக்கொண்டே நடங்கள். ஓட்டம் குறையும், நிறம் பச்சையாகும். கரையில் நண்டு வளைகள் தொடங்கும், ஒவ்வொன்றின் வாயிலும் மிளகளவு மண் உருண்டைகள். மணலில் அடப்பங்கொடி ஊதாப்பூவோடு படர்ந்திருக்கும். கடல் கண்ணுக்குத் தெரியும் முன்னே நெத்திலி காயும் வாசனை வந்துவிடும்.

சங்கமத்துறையில் காவிரியைப் பார்த்துச் சிலர் ஏமாந்து போகிறார்கள், 'இவ்வளவுதானா?' என்று. குடகிலிருந்து வழியெல்லாம் வயலுக்குக் கொடுத்துவிட்டு வந்த ஆறு அது. மிச்சம் அவ்வளவுதான் இருக்கும். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் கும்பிடத் தோன்றும்.

முகத்துவாரத்தில் இறங்கிக் குளிக்காதீர்கள். மேலே அமைதியாகத் தெரியும், அடியில் இழுக்கும். கரையில் கொட்டியிருக்கும் கருங்கற்களும் பாசியில் வழுக்கும். காலை மட்டும் நனைத்துக்கொண்டு, எதிர்க்கரை வானகிரிப் படகுகள் மீனோடு திரும்புவதைப் பாருங்கள். நிதானமாக வந்திருந்தால் அப்போது மணி எட்டரை, ஒன்பது இருக்கும். வெயில் ஏறுவதற்குள் 1973-இல் திறந்த சிலப்பதிகாரக் கலைக்கூடத்தின் பக்கம் வந்துவிடுங்கள். மாயவரம் பேருந்து அங்கிருந்தே கிடைக்கும்.