ஆம்ப் ஒப்பிடும் முன் சத்தத்தைச் சமமாக்குங்கள்

இரண்டு ஹை-கெயின் டியூப் கிடார் ஆம்ப்பை (வெற்றிடக் குழாயில் ஓடும், ஒலியை நன்றாகக் கரகரப்பாக்கும் ஆம்ப்) ஒப்பிடும் முன், ஃபோனில் டெசிபல் மீட்டர் ஆப் போட்டு, ஸ்பீக்கரிலிருந்து 1 மீட்டர் தள்ளி வைத்து, இரண்டின் சத்தத்தையும் சமமாக்குங்கள். சத்தம் கூடினால் காதுக்கு பேஸும் ட்ரெபிளும் தூக்கலாகக் கேட்கும். 2 டெசிபல் வித்தியாசம் இருந்தாலே சத்தமானதுதான் நல்லது என்று தோன்றிவிடும். சமமாக்கிய பிறகுதான் பீவி 5150-இன் இறுக்கமான பாம் மியூட்டும் (உள்ளங்கை ஓரத்தால் தந்தியை லேசாக அமுக்கி வாசிப்பது), மெசா டூயல் ரெக்டிஃபையரின் தளர்ந்த, அகலமான பேஸும் பிரிந்து தெரியும். வேகமான மெட்டல் ரிதத்துக்கு என் ஓட்டு பீவிக்கே. அப்புறம், களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரத்துக்கு ஆம்ப் வாங்கப் போகிறவர்கள் சொந்த கிடாரையும் எடுத்துக்கொள்ளுங்கள். பிக்கப் (தந்தி அதிர்வை மின்சிக்னலாக்கும் பாகம்) மாறினால் கெயினும் (கரகரப்பின் அளவும்) மாறும்.

மார்ஷல் 1959 போல மாஸ்டர் வால்யூம் (கரகரப்பைத் தனியே விட்டு, மொத்தச் சத்தத்தை மட்டும் கூட்டிக் குறைக்கும் குமிழ்) இல்லாத ஆம்ப்புக்கு இப்படிச் சத்தத்தைச் சமமாக்குவது ஒத்துவராது. அதில் சத்தத்தை ஏற்றினால்தான் டிஸ்டார்ஷனே (கரகரப்பே) வரும்.