வீட்டுத் தொலைபேசி லைனில் புரோட்பேண்ட் பில்டர் பூட்டும் முறை

கதைக்கும்போது காதுக்குள் 'ஸ்ஸ்' என்று இரைகிறதா? மணி அடித்தவுடன் இன்டர்நெட் அறுந்துபோகிறதா? பெரும்பாலும் வீட்டில் ஏதோ ஒரு போன், பில்டர் என்ற சிறு வடிகட்டிப் பெட்டி இல்லாமல் லைனில் பூட்டப்பட்டிருக்கும்.

ஃபைபர் அல்லது 4ஜி ரவுட்டர் பாவிப்பவர்களுக்கு இது தேவையில்லை. தொலைபேசியின் செம்புக் கம்பியிலேயே இன்டர்நெட்டும் வரும் ஏ.டி.எஸ்.எல் வீடுகளுக்கானது இது.

குரல் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். இன்டர்நெட் ஏறத்தாழ 25 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி, அதன் வேகமான வகையான ஏ.டி.எஸ்.எல்2 பிளஸ் என்றால் 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை போகும். பில்டர் கீழ் அதிர்வெண்ணை மட்டும் உள்ளே விடும். அதனால் அது போனுக்குத்தான். ரவுட்டருக்கு முன்னால் பூட்டினால், லைன் கிடைத்ததைக் காட்டும் டி.எஸ்.எல் லைட் எரியவே எரியாது.

முதலில் வீடு முழுக்க நடந்து எண்ணுங்கள். ஹோலில் ஒரு போன், மாடியில் ஒன்று, கடை அறையில் ஃபக்ஸ் என்றால் மூன்று. ஃபக்ஸையும் திருட்டு அலாரப் பெட்டியையும் பலர் மறந்துவிடுகிறார்கள். விடுபட்ட அந்த ஒன்றே முழு லைனையும் கெடுக்கும். ரவுட்டர் இருக்கும் இடத்துக்கு, லைனை போனுக்கும் ரவுட்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் மூன்று துளை கொண்ட ஸ்பிளிட்டர் ஒன்று, மற்ற ஒவ்வொரு கருவிக்கும் சாதாரண பில்டர் ஒவ்வொன்று வாங்குங்கள்.

ரவுட்டரை நிறுத்தி, எல்லா பிளக்குகளையும் கழற்றுங்கள். லைனில் சும்மா இருக்கும்போது 48 வோல்ட் அளவில் நேரோட்டம் இருக்கும். மணி அடிக்கும்போது 70 வோல்ட்டுக்கும் மேல் ஆடலோட்டம் வரும். அதனால் திறந்த கம்பியை வெறுங்கையால் தொடாதீர்கள்.

சுவர் சொக்கெட்டுக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். திருக்கடலூர், உப்புவெளி, நிலாவெளி போன்ற கரையோர வீடுகளில் உப்புக்காற்று பட்டுச் செம்பில் பச்சை படியும். அப்படியிருந்தால் புது பில்டரால் பயனில்லை, சொக்கெட்டையே மாற்றவேண்டும்.

இனி ஸ்பிளிட்டரின் 'லைன்' துளையிலிருந்து சுவருக்கும், 'மோடம்' துளையிலிருந்து ரவுட்டருக்கும், 'போன்' துளையிலிருந்து போனுக்கும் வயர் கொடுங்கள். பிளக் 'டிக்' என்று பிடிக்கவேண்டும். ரவுட்டருக்குப் போகும் தட்டை வயர் 2 மீற்றருக்குள் இருப்பது நல்லது. 'போன்' துளையிலிருந்து எக்ஸ்டென்ஷன் எடுத்தால் அந்தப் பக்கத்து போன்களுக்கு வேறு பில்டர் வேண்டாம். லைன் வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே ஒரே ஸ்பிளிட்டரைப் பூட்டி எல்லா போன்களையும் அதற்குப் பின்னால் கொண்டுவர முடிந்தால், அதுதான் ஆகச் சிறந்த வழி.

முதலில் டயல் டோன் கேட்கிறதா என்று பாருங்கள். பிறகு ரவுட்டரைப் போட்டு, டி.எஸ்.எல் லைட் சிமிட்டாமல் நிற்கும்வரை இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். வெளியிலிருந்து ஓர் அழைப்பு எடுக்கச் சொல்லி, மணி அடிக்கும்போதும் லைட் நிற்கிறதா என்று கவனியுங்கள்.

இன்னும் இரைந்தால் போன்களை எல்லாம் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகப் பூட்டுங்கள். எதைப் பூட்டும்போது இரைச்சல் திரும்புகிறதோ, அதன் பில்டரையோ வயரையோ மாற்றுங்கள். போன் ஒன்றும் இல்லாமலே, பிரவுசரில் திறக்கும் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் எஸ்.என்.ஆர் மார்ஜின் (இரைச்சலைத் தாங்க சிக்னலில் மிச்சமிருக்கும் அளவு) 6 டெசிபெல்லுக்குக் கீழே காட்டினால், குறை பெரும்பாலும் வீட்டு வயரிங்கிலோ வெளிக்கம்பியிலோ இருக்கும்.

பில்டர் மின்னலைத் தடுக்காது. ஐப்பசியில் இடி முழங்கத் தொடங்கினால் மின் பிளக்கோடு தொலைபேசி பிளக்கையும் சுவரிலிருந்து கழற்றி வையுங்கள்.