பெரிய படத்தை வெட்டினீர்கள், உள்ளே இருக்கும் சின்னப் படத்தை?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. பையர்களிடம் (துணி வாங்கும் நிறுவனங்களிடம்) ஆர்டர் வேலையைப் பார்க்கும் மெர்ச்சண்டைசர் போலோ சாம்பிளைப் படம் எடுக்கிறார். மேசை ஓரத்தில் இன்னொரு பையருக்குப் போக வேண்டிய பீஸும் லேபிளோடு விழுந்துவிடுகிறது. ஓரத்தை வெட்டிவிட்டு அனுப்புகிறார். வெட்டுப்பட்டது பெரிய படம் மட்டும்தான். அதே ஜேபெக் ஃபைலுக்குள், படம் எடுத்த விவரங்களைச் சேமிக்கும் எக்ஸிஃப் பகுதியில், 160 × 120 பிக்சலில் ஒரு தம்ப்நெயில், அதாவது முன்னோட்டச் சின்னப் படம், இருக்கிறது. எடிட்டிங் மென்பொருள் அதைப் புதுப்பிக்காமல் விட்டால், வெட்டாத மேசை முழுசாக அதில் அப்படியே கிடக்கும்.

அந்த அளவில் லேபிள் எழுத்தைப் படிக்க முடியாதுதான். ஆனால் லோகோவின் வடிவம், ஆளின் முகம், பிரிண்டின் அமைப்பு தெரிந்துவிடும். அதோடு சின்னப் படம் ஒன்றே ஒன்று என்று நினைப்பது அடுத்த தவறு. போட்டோஷாப் தனக்கென்று வேறொரு இடத்தில் ஒரு தம்ப்நெயில் வைக்கும். மல்டி பிக்சர் ஃபார்மேட்டைப் பயன்படுத்தும் கேமராக்கள், முதல் படம் முடிந்த இடத்துக்குப் பின்னால் இன்னொரு ஜேபெக்கையே ஒட்டி வைக்கும். அது 1920 × 1080 வரைகூட இருக்கலாம். அந்த அளவில் லேபிளைத் தாராளமாகப் படிக்கலாம்.

வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் படம் மறுபடி சுருக்கப்பட்டு எக்ஸிஃப் கழன்றுவிடும். தரம் குறையுமே என்று டாகுமென்ட்டாக அனுப்புவதுதான் நம் ஊர் வழக்கம். டாகுமென்ட்டாகப் போனால் உள்ளே இருப்பது அத்தனையும் சேர்ந்தே போகும்.

அனுப்பும் முன் எக்ஸிஃப்டூல் என்ற, ஃபைலின் உள்விவரங்களைக் காட்டும் நிரலில் பார்த்துவிடுங்கள். தம்ப்நெயில்இமேஜ், பிரிவியூஇமேஜ், போட்டோஷாப்தம்ப்நெயில், எம்பிஇமேஜ்2 ஆகிய நான்கு பெயர்களில் எது இருந்தாலும் தனியாக வெளியே எடுத்துத் திறந்து பாருங்கள். அதற்காக ‘எல்லா டேக்கையும் (உள்ளே பதிந்த விவரக் குறிப்புகளையும்) அழி’ என்று ஒரேயடியாகக் கட்டளை கொடுத்தால் வேறு வம்பு வரும். நிறங்களை எப்படிக் காட்ட வேண்டும் என்று சொல்லும் ஐசிசி கலர் புரொஃபைல் போய் நிறம் மாறும். எந்தப் பக்கம் திருப்பிக் காட்ட வேண்டும் என்று சொல்லும் ஓரியன்டேஷன் டேக் போய், நிமிர்த்தி எடுத்த படம் படுத்துக்கொள்ளும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: இந்த நிரல் தானாகவே பழைய ஃபைலைப் பெயரின் முடிவில் ‘ஒரிஜினல்’ என்று சேர்த்துப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும். ஃபோல்டரை அப்படியே ஜிப் செய்தால், மறைக்க நினைத்த படமும் ஜிப்புக்குள் ஏறிவிடும்.

(2023இல் வெளிச்சத்துக்கு வந்த, கூகுள் பிக்சல் போனின் ஸ்கிரீன்ஷாட் குறைபாடும் இதற்குச் சொந்தம்தான். அதில் தம்ப்நெயில் கிடையாது. வெட்டிய படத்தைப் பழைய ஃபைலின் மேலேயே எழுதியதில், பழைய ஃபைலின் வால்பகுதி மிச்சமாக நின்றுவிட்டது.)

திருப்புவதும் திணிப்பதும்

போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தாலும் பிக்சல்கள் பெரும்பாலும் படுக்கைவாக்கில்தான் பதிவாகும். ‘காட்டும்போது வலப்பக்கம் 90 டிகிரி திருப்பு’ என்பதற்கு ஓரியன்டேஷன் டேக்கில் 6 என்ற எண் இருக்கும். பிக்சலையே திருப்பிவிட்டு அந்த 6ஐ மாற்றாமல் விட்டால் படம் இரண்டு தடவை திரும்பும். பிக்சலைத் திருப்பி, டேக்கையும் 1 ஆக்கிவிட்டுத் தம்ப்நெயிலை மறந்தால், பட்டியலில் படுத்திருக்கும் படம் திறந்ததும் எழுந்து நிற்கும். பிக்சலைத் திருப்பு, டேக்கை 1 ஆக்கு, தம்ப்நெயிலைப் புதிதாக உருவாக்கு: மூன்றும் ஒரே வேலையின் பகுதிகள்.

‘160 × 120 பத்தாது, 800 பிக்சலில் வைக்கலாமே’ என்று எக்ஸிஃபுக்குள் திணிக்க வேண்டாம். அந்தப் பகுதியின் நீளத்தைக் குறிக்க 2 பைட்தான் ஒதுக்கியிருக்கிறார்கள்; ஆக 65,535 பைட்டோடு சரி. கேமரா தகவல், ஜிபிஎஸ், தம்ப்நெயில் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

தம்ப்நெயிலைப் பார்த்து ஷேட் அப்ரூவல் (துணியின் நிறத்துக்கு ஒப்புதல்) கொடுப்பதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. கொடுக்காதீர்கள். அதற்கென்று தனிக் கலர் புரொஃபைல் பொதுவாக இருக்காது.

டிஃப் ஃபைலில்

பிரிண்டிங் பட்டறைகளுக்குப் போகும் டிசைன்கள் பெரும்பாலும் டிஃப் (TIFF) என்ற பட வடிவத்தில்தான் இருக்கும். இதில் ஒரே ஃபைலுக்குள் எத்தனை படம் வேண்டுமானாலும் அடுக்கலாம், பிழை வருவதும் அதனால்தான். குறைத்த பிரதியைச் சேர்க்கும்போது 254ஆம் டேக்கில் 1 என்று குறிக்க வேண்டும். ‘இது தனிப் பக்கம் அல்ல, முதல் படத்தின் சிறிய வடிவம்’ என்பது அதன் பொருள். குறிக்காமல் விட்டால், நான்கு பிரதி சேர்த்த டிசைன் ஐந்து பக்க ஆவணமாகத் திறக்கும். 330ஆம் டேக் வழியாக, முதன்மைப் படத்துக்குக் கீழே கிளையாக வைப்பது இன்னும் சுத்தமான வழி. ஆனால் அந்த டேக்கை அறியாத பழைய மென்பொருளில் திறந்து சேமித்தால் சின்னப் படங்கள் காணாமல் போகலாம். அதைவிட மோசம், சின்னப் படம் ஃபைலில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் முகவரி எண் மட்டும் அப்படியே நகலாகி, அது காட்டும் இடத்தில் வேறு ஏதோ இருப்பது.

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புகளை ட்ரோனில் எடுத்து ஒட்டும் வரைபடங்களுக்கு ஒரு குறைப்பிரதி போதாது. பாதி, கால், அரைக்கால் என்று அடுக்கடுக்காக வைப்பார்கள்; இதை ஓவர்வியூ என்பார்கள். ஒவ்வொரு படியும் முந்தையதில் கால் பங்குப் பிக்சல். எல்லாம் சேர்த்தால் மூலத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடும். இந்தக் கணக்கைப் போடாமல் இறங்குகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு பிக்சலுக்கு 3 செ.மீ. நிலம் என்ற கணக்கில் சுமார் 250 ஏக்கர் என்றால் 34,000 × 34,000 பிக்சல். மூன்று நிறத்துக்கும் சேர்த்து, சுருக்காமல் 346.8 கோடி பைட். ஓவர்வியூ சேர்ந்தால் 462 கோடி. சாதாரண டிஃபின் எல்லையோ சுமார் 429 கோடிதான். பாதி வழியில் நின்றுவிடும். தொடக்கத்திலேயே பிக்டிஃபாக (இந்த எல்லையைத் தாண்டும் பெரிய டிஃப் வடிவமாக) உருவாக்குங்கள். அது முடியாவிட்டால் ஜிடால் (GDAL) என்ற வரைபட மென்பொருளில் ஓவர்வியூவை வெளியே தனி ஓவிஆர் ஃபைலாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் படி 256 பிக்சலை ஒட்டி வந்தால் போதும், அதற்குக் கீழே போவதில் பயனில்லை.

எந்த முறையில் குறைக்கிறோம் என்பது அதைவிட முக்கியம். புகைப்படத்துக்குச் சராசரி முறை சரி. வகைப்படுத்திய வரைபடத்துக்கு அதைக் கொடுத்தால் பொய் பிறக்கும். தென்னை 1, வாழை 2, கட்டடம் 3 என்று வைத்திருந்தால், தென்னையும் கட்டடமும் சேரும் ஓரத்தில் 1க்கும் 3க்கும் சராசரி 2. தூரத்திலிருந்து பார்த்தால் வீட்டைச் சுற்றி வாழைத்தோட்டம் முளைத்திருக்கும், கிட்டே போனால் ஒரு கன்றுகூட இருக்காது. இதற்கு ஒரு பக்கத்துப் பிக்சலின் எண்ணை அப்படியே எடுக்கும் நியரஸ்ட் அல்லது அதிகம் வரும் எண்ணை எடுக்கும் மோட் முறைதான். புகைப்படத்துக்கு நியரஸ்ட் கொடுத்தால் அதற்கு நேர்மாறான தொல்லை: வரிசையாக நட்ட தோப்பிலும் ரிப் துணியிலும் இல்லாத அலைக்கோடுகள் தெரியும்.

ஓவர்வியூ போட்ட பிறகு மூலப் படத்தில் ஒரு மூலையைத் திருத்தினாலும், ஓவர்வியூக்களை அழித்துவிட்டு மறுபடி போட வேண்டும். இல்லையென்றால் பெரிதாக்கிப் பார்ப்பவருக்கு ஒன்றும் சிறிதாக்கிப் பார்ப்பவருக்கு வேறொன்றும் தெரியும். இணையத்தில் ஏற்றி, தேவையான பகுதியை மட்டும் எடுத்துப் பார்ப்பதற்கான கிளவுட் ஆப்டிமைஸ்டு ஜியோடிஃப் வடிவம் என்றால் வரிசையும் முக்கியம்: முதலில் ஓவர்வியூ, கடைசியில்தான் அந்த வடிவத்துக்கு மாற்றம். மாற்றிய பிறகு உள்ளே ஓவர்வியூ சேர்த்தால் அதன் உள்ளமைப்பு குலைந்துவிடும்.