பறவை ஆராய்ச்சிக்கு வர நினைக்கும் மாணவர்கள் சறுக்கும் இடங்கள்

"முந்நூறு இனம் பார்த்தாச்சு, அடுத்து ஆராய்ச்சிதான்" என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். வாசலில் கத்தும் காகம் கூடு கட்ட எத்தனை நாள் எடுத்துக்கொள்கிறது? பெரும்பாலும் பதில் வராது.

அரிய பறவையைத் துரத்தித் துரத்திப் பட்டியலை நீட்டுவதை ஆராய்ச்சி என்று நினைப்பதுதான் முதல் சறுக்கல். இந்தியப் பறவையியலாளர் சாலிம் அலி 1930-ல் மும்பைக்கு அருகே கிஹிம் என்ற கடலோர ஊரில் உட்கார்ந்து கவனித்தது தூக்கணாங்குருவியை. ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டி நிறுத்துகிறது. பெண் வந்து பார்த்து, பிடித்திருந்தால்தான் மீதியை முடிக்கிறது. அப்புறம் அடுத்த கூட்டைத் தொடங்கி, இன்னொரு துணைக்குக் காத்திருக்கிறது. இத்தனைக்கும் எல்லோருக்கும் தெரிந்த குருவி! அவருக்குப் பல்கலைக்கழகப் பட்டம் இல்லை என்பதைச் சாக்காக வைத்துப் படிப்பை விட்டுவிடாதீர்கள். இந்தக் குருவியைக் கவனிப்பதற்கு முன்பே பெர்லினுக்குப் போய், ஜெர்மன் பறவையியலாளர் எர்வின் ஸ்ட்ரெஸ்மனிடம் முறையாகப் பயின்றவர் அவர்.

குறிப்பு எடுப்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். என் முதல் நோட்டில் 'காலை, ஏரி, நிறையக் கொக்கு' என்று ஒரு வரி இருக்கிறது. நிறைய என்றால் பன்னிரண்டா, இருநூறா? எத்தனை மணிக்கு? எவ்வளவு நேரம் நின்றேன்? இன்று அந்த வரி எதற்கும் உதவாது. தொடங்கிய நேரம், நடந்த தூரம், எண்ணிக்கை, அடையாளம் தெரிந்த எல்லா இனங்களும் இருந்தால்தான் அது தரவு. பார்த்த பறவைகளைப் பதிவேற்றும் இ-பேர்ட் இணையதளத்தில் 'இது முழுப் பட்டியலா' என்று கேட்பதும் இதற்காகத்தான். முழுப் பட்டியலில் ஒரு பறவை இல்லையென்றால், அது கண்ணில் படவில்லை என்பதும் ஒரு தகவல். எண்ணச் சோம்பல்பட்டு, எண்ணிக்கை எழுதும் இடத்தில் 'இருந்தது' என்று மட்டும் சொல்லும் எக்ஸ் குறியைப் போடாதீர்கள். குரலையும் படத்தையும் வைத்துப் பறவையை அடையாளம் காட்டும் மெர்லின் ஆப் சொல்லும் பெயரைச் சரிபார்க்காமல் அப்படியே ஏற்றவும் வேண்டாம்.

"கணக்குக்குப் பயந்துதான் உயிரியல் எடுத்தேன்" என்பவர்களுக்கு ஒரு கெட்ட செய்தி. களத்தில் ஒரு நாள் என்றால் கணினி முன்னால் பல நாள். புள்ளியியலையும் ஆர் நிரல்மொழியையும் கல்லூரியிலேயே தொட்டுவிடுங்கள், ஆர் இலவசம்தான்.

கூட்டுக்குப் பக்கத்தில் போய்ப் படம் எடுக்காதீர்கள். முட்டையையும் குஞ்சையும் தின்ன வரும் விலங்குகளுக்கு நீங்கள் மிதித்த புல்லே வழிகாட்டும். பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டால், இல்லாத எதிரியோடு சண்டைக்கு வந்து அந்தப் பறவை இரை தேடும் நேரத்தை வீணாக்கும். வலை வீசுவது, காலில் வளையமிடுவது எல்லாம் பயிற்சியும் அனுமதியும் இல்லாமல் கூடவே கூடாது.

பறவைப் பாதுகாப்பு என்றால் காட்டு வேலைதான் என்று நினைப்பவர்களுக்கு, தெற்காசியாவின் பாறு கழுகுகளைக் காட்டலாம். 1990-களில் அவை கொத்துக்கொத்தாக மறைந்தன. துப்பு கிடைத்தது, இறந்த பறவைகளின் சிறுநீரகத்தில். மாடுகளுக்குப் போட்ட டைக்குளோஃபினாக் என்ற வலி மருந்து, அவற்றின் சடலத்தைத் தின்ற கழுகுகளைக் கொன்றது என்று 2004-ல் ஆய்வு வெளியானது. 2006-ல் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் மூன்றும் அந்தக் கால்நடை மருந்துக்குத் தடை போட்டன. கால்நடை மருத்துவம், வேதியியல், சட்டம் என எந்தப் பக்கத்திலிருந்தும் இந்தத் துறைக்குள் வரலாம்.

கடைசியாக, மின்னஞ்சல். "பறவைகள் என்றால் உயிர், வாய்ப்பு தாருங்கள்" என்று நாற்பது விஞ்ஞானிகளுக்கு ஒரே கடிதத்தை அனுப்பினால் பதில் வராது. ஒருவருடைய கட்டுரை ஒன்றை முழுதாகப் படித்து, அதில் எழுந்த ஒரு கேள்வியோடு நீங்களே எடுத்த ஆறு மாதக் குறிப்பையும் இணைத்து அனுப்பிப் பாருங்கள்.