அறையின் கவன மையம்: எங்கெங்கே தவறு நடக்கிறது

அறைக்குள் நுழைந்ததும் கண் ஓர் இடத்தில் போய் நிற்க வேண்டும். அது பெரிய ஜன்னலாக இருக்கலாம், படமாக இருக்கலாம், புத்தக அலமாரியாகவும் இருக்கலாம். பொருள்கள் ஒவ்வொன்றும் அழகாக இருந்தும் அறை நிம்மதி தரவில்லையா? பெரும்பாலும் அங்கே கவன மையமே இருக்காது. அல்லது மூன்று இருக்கும்.

மூன்று இருப்பதைத்தான் அதிகம் பார்க்கிறோம். ஒரு சுவரில் டிவி, பக்கத்துச் சுவரில் அடர் நிற பெயின்ட், மூலையில் விளக்கு எரியும் ஷோகேஸ். இவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். மற்றவற்றை அகற்ற வேண்டியதில்லை, அடக்கி வைத்தால் போதும். ஷோகேஸில் பாதிப் பொருள்களை எடுத்துவிட்டு உள்விளக்கை அணையுங்கள். டிவிக்குப் பின்னால் அடர் சாம்பல் நிறம் அடித்தால், அணைத்திருக்கும்போது கறுப்புத் திரை சுவரோடு ஒன்றிவிடும்.

எந்தச் சுவர் என்பதைச் சோபாவில் உட்கார்ந்து முடிவு செய்வது அடுத்த தவறு. வாசலில் நின்று ஃபோனில் படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். வெளிச்சமும் இருட்டும் பளிச்சென்று பிரியும் இடத்துக்கே கண் முதலில் போகும். அங்கே சுவிட்ச்போர்டும் வயர்களும் தெரிந்தால், வேறெங்கு என்ன மாட்டினாலும் எடுபடாது.

படத்தை மாட்டும்போதுதான் அளவுகள் மிகவும் பிசகுகின்றன. பலரும் மிக உயரத்தில் மாட்டுகிறார்கள். படம் கீழே உள்ள பொருள்களோடு ஒட்டாமல் தனியாக நிற்கிறது. காலிச் சுவரில் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். ஆணியின் உயரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. ஃபிரேமின் உயரம் 80 செ.மீ. என்றால் பாதி 40. பின்னால் உள்ள கம்பியை மேல்நோக்கி இழுத்துப் பிடித்தால், அது மேல் விளிம்புக்கு 8 செ.மீ. கீழே நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். படத்தின் நடுப்பகுதி 147 செ.மீ. உயரத்தில் வர வேண்டுமென்றால், 147 + 40 − 8 = 179. ஆணி அடிக்க வேண்டியது 179 செ.மீ. உயரத்தில்.

சோபாவுக்கு மேலே என்றால் இந்தக் கணக்கை விட்டுவிடலாம். சோபா முதுகின் மேல்பகுதிக்கும் ஃபிரேமின் கீழ் விளிம்புக்கும் இடையே 15 முதல் 20 செ.மீ. போதும். அகலம் சோபாவில் மூன்றில் இரண்டு பங்கு: 210 செ.மீ. சோபாவுக்கு சுமார் 140 செ.மீ. அவ்வளவு பெரிய படம் இல்லையென்றால், சிறிய படங்களை 5 செ.மீ. இடைவெளியில் கூட்டமாக மாட்டுங்கள். கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். செய்தித்தாளை ஃபிரேம் அளவுக்கு வெட்டி, டேப்பால் சுவரில் ஒட்டிப் பார்த்துவிட்டு ஆணி அடித்தால் தேவையில்லாத ஓட்டைகள் விழாது.

நடுக்கூரையில் ஒரே விளக்கு எரிந்தால் எல்லாச் சுவரும் ஒரே அளவு வெளிச்சத்தில் இருக்கும், கவன மையம் மங்கிப்போகும். அந்த இடம் மட்டும் சுற்றுப்புறத்தைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு பிரகாசமாக இருக்க வேண்டும். ஸ்பாட்லைட்டைச் செங்குத்திலிருந்து 30 பாகை சாய்த்துத் திருப்புங்கள். கூரை 270 செ.மீ. உயரம் என்றால், விளக்கு சுவரிலிருந்து சுமார் 70 செ.மீ. தள்ளி வரும். இதைவிட நெருக்கமாக வைத்தால் ஃபிரேமின் நிழல் படத்தின் மேல் விழும். மிகவும் தள்ளி வைத்தால் கண்ணாடியில் விளக்கு பிரதிபலிக்கும். ஜன்னலுக்கு நேரெதிரே கண்ணாடி போட்ட படம் வேண்டாம். பகலில் அதில் ஜன்னல்தான் தெரியும்.

ஜன்னலையே மையமாக்குபவர்கள் திரைக்கம்பியை ஜன்னல் அகலத்துக்கே வாங்கிவிடுகிறார்கள். திரையை விலக்கினாலும் துணி ஜன்னல் கண்ணாடியில் ஒரு பகுதியை மறைத்துவிடும். இரு பக்கமும் 20 செ.மீ. நீட்டி, சட்டத்துக்கு 10 முதல் 15 செ.மீ. மேலே பொருத்துங்கள். இரவில் திறந்த ஜன்னல் வெறும் இருட்டாகிவிடும் என்பதால், திரையை மூடிவிட்டுப் பக்கத்தில் ஒரு நிற்கும் விளக்கைப் போட்டு வையுங்கள்.