மனநோய்ச் சிகிச்சை: எங்கள் வீடுகளில் நடக்கும் பிழைகள்

நெஞ்சிடி, தலையிடி, உடம்பெரிவு என்றால் யாழ்ப்பாணத்தில் வீடே கூடி ஆஸ்பத்திரிக்கு ஓடும். அதே ஆளுக்கு மூன்று கிழமையாக நித்திரையில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால், "யோசினை கூடிப்போச்சு, தானாச் சரிவரும்" என்று விட்டுவிடுவோம். ஆனால் மனச்சோர்வும் பதகளிப்பும் எங்கள் ஆட்களிடம் பெரும்பாலும் உடம்பு நோவாகத்தான் வெளிவருகின்றன. ஈசிஜி எடுத்து, இரத்தம் சோதித்து, ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகும் நோவு நிற்காவிட்டால், இன்னொரு ஸ்கானுக்குக் காசு தேடாதீர்கள். மனநலக் கிளினிக்குக்கு ஒருக்கால் காட்டலாமோ என்று அந்த வைத்தியரிடமே கேளுங்கள். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் உண்டு. அரச ஆஸ்பத்திரியில் இதற்குக் கட்டணம் இல்லை.

கோயிலுக்குப் போவது பிழையில்லை. நேர்த்தி வைப்பதும் நூல் கட்டுவதும் பலருக்கு ஆறுதல். யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய மனநல மருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரமே, போர் தந்த காயங்கள் ஆற எங்கள் சடங்குகளும் மரபுகளும் உதவும் என்று எழுதியவர். செய்வினை எடுக்கவென்று ஊர் ஊராக அலைந்து மாதங்களைக் கழிப்பதுதான் பிழை. காதில் குரல் கேட்பது, எல்லோரையும் சந்தேகிப்பது போன்ற நோய்களில் சிகிச்சை பிந்தப் பிந்த மீள்வதும் கடினமாகும். அடித்துக் கட்டிவைக்கும் இடங்களுக்கு ஒருபோதும் கொண்டுபோகாதீர்கள்.

என்னை மிகவும் வருத்துவது கலியாணத்தை ஒட்டி நடப்பது. மாதாமாதம் கிளினிக்குக்குப் போய், குளிசை எடுத்து, நன்றாக இருக்கும் பிள்ளைக்குச் சாதகம் பொருந்தியவுடன் கிளினிக் கொப்பி அலுமாரிக்குள் ஒளிந்துவிடும். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் சம்பந்தம் குழம்பும், தங்கச்சிமாருக்கும் வராது என்ற பயம். அந்தப் பயம் வீண்பயம் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிக் குழம்பிய வீடுகள் உண்டு. ஆனால் மருந்து நிற்கும் நேரத்தைப் பாருங்கள்: புது வீடு, புது மனிதர், விருந்துகள், இரவு முழிப்பு. நோய் திரும்பி வர இதைவிட வேறென்ன வேண்டும்? அப்போது மாப்பிள்ளை வீட்டார் முதன்முதலாகக் காண்பது நோயின் மிக மோசமான நிலையை. ஏமாற்றிவிட்டார்கள் என்ற கோபமும் சேர்ந்துகொள்ளும், அதையும் அந்தப் பிள்ளைதான் சுமக்கவேண்டும்.

கலியாணம் பேசத் தொடங்கும்போதே வைத்தியரிடம் சொல்லுங்கள். சோடியம் வல்புரோயேற் போன்ற சில மருந்துகள் கர்ப்பகாலத்தில் சிசுவைப் பாதிக்கும். முன்கூட்டியே தெரிந்தால் மாற்றித் தருவார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கு எதை, எப்போது சொல்வது என்று கதைக்கும்போது பிள்ளையையும் பக்கத்தில் இருத்துங்கள். அது அவளுடைய வாழ்க்கை.

மற்றவர்களும் மருந்தை இடையில் விடுகிறார்கள். மனச்சோர்வு மருந்து வேலைசெய்யவே இரண்டு முதல் நான்கு கிழமை எடுக்கும். முதல் தடவை நோய் வந்தவர்கூட, சுகமான பிறகும் குறைந்தது 6 மாதம் தொடரவேண்டும். பழகிவிடும் என்று பயப்படுகிறவர்கள் இதை டயசிபாம் போன்ற நித்திரைக் குளிசைகளோடு குழப்பிக்கொள்கிறார்கள். பழக்கமாகக்கூடியவை அவைதான். ஆனாலும் எந்த மருந்தையும் நீங்களாகத் திடீரென நிறுத்தாதீர்கள்.

கிளினிக் வாசலில் யாரையாவது கண்டால், அதை ஊருக்குள் கொண்டுவந்து கதைக்காதீர்கள். அந்தப் பயத்திலேயே அடுத்த மாதம் வராமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

உயிர் போகக்கூடிய ஒளிப்பும் ஒன்றுண்டு. சாக முயன்றவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து, "தெரியாமக் குடிச்சிட்டார்" என்று வீட்டார் சொல்வது. வழக்கு வரும் என்று பயப்படுகிறார்கள். இலங்கையில் தற்கொலை முயற்சி 1998 முதல் குற்றமல்ல. உண்மையைச் சொன்னால்தான் மனநலப் பிரிவுக்குக் காட்டுவார்கள். மறைத்தால் உடம்பு தேறியதும் துண்டு வெட்டி அனுப்பிவிடுவார்கள். அவரைச் சாகத் தூண்டிய துயரம் அப்படியே இருக்கும். ஒருமுறை முயன்றவர் மறுபடி முயலும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம்.

"சாகிற யோசினை வருதோ?" என்று கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று பலர் வாய்திறப்பதில்லை. அப்படி வராது. பக்கத்தில் இருந்து, ஏசாமல், நேராகக் கேளுங்கள். ஓம் என்றால் அவரைத் தனியே விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். நடுச்சாமமானாலும் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலவச எண்ணுக்கு எடுக்கலாம்.